மரபுடைமைத் தலமும் அங்கு வாழும் மக்களும்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில் பெங்காலான் வெல்ட் என்றொரு கடலோரச் சாலை உள்ளது. அதன் ஓரத்தில், கடலுக்குள் நீண்டு செல்லும் சில மரக் குடியிருப்புகளைக் காணலாம். கடலடிச் சேற்றில் ஊன்றிய தூண்கள். அவற்றின்மேல் பலகை நடைபாதை. அதன் இருபுறமும் வீடுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவின் பூஜியான் மாநிலத்திலிருந்து வந்த மக்கள் இவற்றை அமைத்தனர். கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்குவதும், படகோட்டுவதும், மீன்பிடிப்பதும் அவர்களின் தொழில்கள். ஒவ்வொரு துறைமேடையிலும் பெரும்பாலும் ஒரே குலப்பெயர் கொண்டவர்களே குடியிருந்தனர். அதனால் சியூ துறைமேடை, லிம் துறைமேடை, தான் துறைமேடை என்று குலங்களின் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன.

2006ஆம் ஆண்டில் இந்தக் கடலோரத்தில் இருந்த இரண்டு குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. கோய் துறைமேடையும் பெங் ஆன் துறைமேடையும் வீடமைப்புத் திட்டத்திற்காக அகற்றப்பட்டன. அந்த முடிவை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மக்களுக்கு வீடுகள் தேவைப்பட்டன. பழைய பலகையும் தகரக் கூரையும் கொண்ட அவ்வீடுகளில், கட்டடக் கலைச் சிறப்பு என்று எடுத்துக்காட்டவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால், கோய் குலத்தாரிடம் வேறொன்று இருந்தது. அவர்களின் முன்னோர் சீனாவில் வாழ்ந்த ஹுய் முஸ்லிம்கள். பல தலைமுறைகள் கடந்து, அவர்களுள் பலர் வேறு சமய வழக்கங்களுக்கு மாறிய பின்னரும், முன்னோருக்குப் படையலிடும்போது பன்றி இறைச்சியைத் தவிர்க்கும் பழக்கத்தைக் கைவிடவில்லை. ஒரு குலத்தின் நெடும்பயண வரலாறு இத்தகைய சிறு பழக்கத்தில் தங்கியிருந்தது. அந்தப் பழக்கத்தைக் காத்தவர்கள் ஒன்றுகூடி வாழ்ந்த இடம் அந்தத் துறைமேடை. பலகைக்கும் தகரத்துக்கும் விலை போடுகிறவர் இதற்கு என்ன விலை போடுவார்?

துறைமேடைகள் இடிக்கப்பட்ட இரண்டே ஆண்டுகளில், அதாவது 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இணைந்தே இடம்பெற்றன. எஞ்சியிருந்த துறைமேடைகள் அந்த மரபுடைமை எல்லைக்குள் வந்ததால் தப்பின. இன்று அவற்றைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பழைய பலகையாகத் தெரிந்தது, இப்போது உலகமே காக்க வேண்டிய செல்வமாகத் தெரிந்தது. பலகை மாறவில்லை, அதை அளந்த அளவுகோல்தான் மாறியது.

இந்த அளவுகோலைப் பற்றி நம் நாட்டுச் சட்டமும் பேசுகிறது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், ஒரு பொருளோ இடமோ மரபுடைமையாகக் கருதப்படுவதற்கு அதனிடம் இருக்கக்கூடிய மதிப்புகளைப் பட்டியலிடுகிறது. அழகு, தொல்லியல், கட்டடக் கலை, வரலாறு, அறிவியல், தொழில்நுட்பம் ஆகியவை அப்பட்டியலில் இருப்பதில் வியப்பில்லை. பண்பாட்டு மதிப்பு, சமூக மதிப்பு, ஆன்மிக மதிப்பு, மொழிசார்ந்த மதிப்பு ஆகியவையும் அவற்றோடு சமமாக வைக்கப்பட்டுள்ளன. ஆஸ்திரேலியாவில் பர்ரா என்னும் சிற்றூரில் 1979ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட பர்ரா சாசனமும் இதே வழியில் சிந்தித்தது. ஓர் இடத்தைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ முனைவதற்கு முன், அந்த இடம் யாருக்கு, எதனால் முக்கியமானது என்பதை அறிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. முதலில் மதிப்பை அறிதல், பிறகு முடிவெடுத்தல் என்னும் இந்த முறையை இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன.

சொல்வதற்கு எளிமையாகத் தோன்றும் இந்த முறை, நடைமுறையில் அவ்வளவு எளிதன்று. கார்ன்வாலிஸ் கோட்டையை எடுத்துக்கொண்டால் சிக்கல் குறைவு. 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடத்தில் எழுந்த அக்கோட்டையில் இன்று எவரும் குடியிருக்கவில்லை. அதன் மதிப்பு முதன்மையாக வரலாற்று மதிப்பு. சுவர் சிதையாமல் காத்து, அதன் கதையைச் சரியாக எடுத்துரைத்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் குவீன் தெருவில் அருள்மிகு ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம். 1833ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இவ்வாலயம் பினாங்கின் மிகப் பழைய இந்து ஆலயங்களுள் ஒன்று. இங்குதான் மதிப்புகள் ஒன்றோடொன்று மோதக்கூடும். பழைய கட்டடங்களைக் காக்கும் வல்லுநர், பழைய சுதைச் சிற்பமும் பழைய வண்ணமும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புவார். பழமையே அவருக்கு மதிப்பு. தமிழர் மரபிலோ, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலயத்தைப் புதுப்பித்து, கோபுரத்துக்கு வண்ணம் தீட்டி, குடமுழுக்கு நடத்துவது வழக்கம். நிறம் மங்கிய கோபுரம் வல்லுநரின் கண்ணுக்குச் சான்று. பக்தரின் கண்ணுக்குக் கவனிப்பாரற்ற கோவில். யார் சொல்வது சரி? பக்தர்களின் பார்வையை அறியாமை என்று தள்ளினால், அந்த ஆலயத்தை இத்தனை காலம் காத்து வந்த மரபையே தள்ளியதாகும். அதே வேளையில், புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் பழைய சிற்பங்களை உடைத்தெறிந்துவிட்டு அச்சில் வார்த்த பொம்மைகளை வைத்தால், கைவினைஞர்களின் உழைப்பு அழிந்துவிடும். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதை ஆலய நிர்வாகமும் சிற்பியும் மரபுடைமை அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்வதே இதற்கு வழி. பெரும்பாலும் இதற்குப் பொறுமைதான் போதாமல் போகிறது.

மகாமாரியம்மன் ஆலயத்துக்கு அருகில், நடந்தே செல்லும் தொலைவில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் உள்ளது. இந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொஹிதீன் 1801ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். அதே சாலையில் சீனர்களின் கருணைத் தேவி ஆலயமும், 1818ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும் நிற்கின்றன. சூலியா தெருவின் மூலையில், தமிழ்நாட்டின் நாகூரில் அடங்கியுள்ள பெரியாரின் நினைவாக எழுப்பப்பட்ட நாகூர் தர்கா இருக்கிறது. இவற்றுள் எந்த ஒன்றையும்விடப் பெரிய கட்டடங்கள் உலகில் பல உண்டு. யுனெஸ்கோ இந்நகரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இவற்றின் அளவு காரணமன்று. பல இனத்தவர், பல சமயத்தவர், பல மொழியினர் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்து, வழிபட்டு, வணிகம் செய்து, விழாக் கொண்டாடும் வாழ்க்கை இன்னும் அங்கே நடந்துகொண்டிருப்பதே காரணங்களுள் முதன்மையானது. கட்டடங்களோடு அன்றாட வாழ்க்கையும் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

தைப்பூசத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். பினாங்கு தெருவில் உள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்பட்டு, தண்ணீர்மலை அடிவாரத்தை நோக்கிச் செல்கிறது. வழிநெடுகத் தேங்காய்கள் குவிக்கப்படுகின்றன. இரதத்தின் முன் தேங்காய் உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம். கோவில் வீடு ஒரு கட்டடம். அதைச் சட்டத்தால் காக்க முடியும். இரதம் ஓர் அரும்பொருள். அதைக் கண்ணாடிக்குள் வைத்தும் காக்கலாம். ஆனால், இரதம் செல்லும் தெருவும், தேங்காய் குவிக்கும் கடைக்காரரும், நள்ளிரவு வரை காத்திருக்கும் குடும்பங்களும் இல்லாமல் போனால் எஞ்சுவது காட்சிப்பொருள் மட்டுமே.

அந்தக் குடும்பங்கள் ஏன் இல்லாமல் போக வேண்டும் என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை காண வாடகையின் கதையை அறிய வேண்டும். ஜார்ஜ்டவுனின் பழைய வட்டாரத்தில் பெரும்பாலானவை கடைவீடுகள். கீழே கடை, மேலே வீடு, முன்னால் ஐந்தடி நடைபாதை, நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு முற்றம். அங்கு குடியிருந்தவர்களுள் மிகப் பலர் வாடகைக்கு இருந்தவர்கள். 1948ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. அதனால் பூக்கட்டுபவரும், தையல்காரரும், நகைப் பட்டறைத் தொழிலாளியும், சாம்பிராணிக் கடைக்காரரும் நகரின் நடுவிலேயே குறைந்த செலவில் வாழ முடிந்தது. அவர்கள் சேர்ந்ததுதான் அந்தத் தெருக்களின் வாழ்க்கை.

அதே சட்டத்துக்கு மறுபக்கமும் இருந்தது. மிகச் சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர்களுக்கு ஒழுகும் கூரையைச் சரிசெய்யவும் மனமில்லை, பணமும் போதவில்லை. வீடுகள் மெல்ல மெல்லச் சிதைந்தன. அவர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது. தமக்குச் சொந்தமான கட்டடத்துக்குச் சந்தை விலையில் வாடகை வாங்கக்கூடாது என்று பல்லாண்டுகள் தடுக்கப்பட்டவர்கள் அவர்கள்.

1997ஆம் ஆண்டில் அச்சட்டத்தை நீக்க முடிவானது; 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டுப்பாடு முற்றிலும் அகன்றது. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் புறநகர்களில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. குடும்பங்கள் போனதும் அவர்களை நம்பியிருந்த சிறு கடைகளும் ஆட்டம் கண்டன. காலியான வீடுகளில் சிலவற்றை உழவாரக் குருவிகள் பிடித்துக்கொண்டன. உண்மையில், அவற்றை அங்கே வரவழைத்தவர்கள் மனிதர்கள்தாம். அக்குருவிகளின் கூடு சீன உணவில் விலையுயர்ந்த பண்டம் என்பதால், சன்னல்களை அடைத்து, பதிவு செய்த குருவிக் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, உள்ளே ஈரப்பதத்தை உயர்த்தி, கடைவீடுகளைக் குருவிப் பண்ணைகளாக்கினர். ஈரத்தில் சுவர்களும் மரங்களும் கெட்டன. மரபுடைமை வட்டாரத்தில் இத்தொழிலுக்குப் பின்னர் தடை விதிக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வீடுகள் பழைய முகப்போடு அழகாகவே நின்றிருக்கும். உள்ளே வாழ்ந்தது மட்டும் பறவை.

எனவே, யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது நகரின் மக்கள்தொகை ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. அங்கீகாரம் அதை நிறுத்தவில்லை. 2009ஆம் ஆண்டில் மரபுடைமை வட்டாரத்தில் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்தனர். 2013ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 9,500க்கும் கீழே இறங்கியது. கட்டடங்களின் விலையேற்றம் வெளியூர் முதலீட்டாளர்களை ஈர்த்தது. கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் உருமாறின. 2012ஆம் ஆண்டில் எர்னஸ்ட் சகாரெவிச் என்னும் ஓவியர் ஆர்மேனியன் தெருச் சுவரில் வரைந்த மிதிவண்டிச் சிறுவர்களின் ஓவியத்தைப் பார்க்கவே பெருங்கூட்டம் திரண்டது. இதனால் நன்மை இல்லாமலில்லை. பல ஆண்டுகளாக ஒழுகிய கூரைகள் சுற்றுப்பயணிகளின் பணத்தால்தான் சீரடைந்தன. விடுதியாக மாறிய வீடு, இடிந்து விழுந்த வீட்டைவிட மேலானதே.

சுற்றுப்பயணத்தின் இருமுகத்தையும் சியூ துறைமேடையில் ஒருசேரக் காணலாம். சாலையை ஒட்டிய பகுதியில் நினைவுப்பொருள் கடைகளும் பானக் கடைகளும் வரிசையாக உள்ளன. அவற்றால் அங்குள்ள குடும்பங்களுக்கு வருமானம் கிடைக்கிறது. ஆனால், வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவர்களும், கேட்காமலே படம் எடுப்பவர்களும் கூடிவிட்டதால், சில வாசல்களில் படம் எடுக்க வேண்டாம் என்ற அறிவிப்புகள் தொங்குகின்றன. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு முந்திய இரவில், விண்ணுலக வேந்தருக்கு நீண்ட மேசைகளில் படையலிட்டு, கரும்பு வைத்து வழிபடும் விழா இங்கே பெயர்பெற்றது. வழிபடுகிறவர்களுக்கு அது பிரார்த்தனை. பார்க்க வருகிறவர்களுக்கு அது காட்சி. இரண்டும் ஒரே இரவில், ஒரே பலகை மேடையில் நடக்க வேண்டியிருக்கிறது. எத்தனை பேர் வரலாம், எந்நேரத்தில் வரலாம், எதுவரை வரலாம் என்பவற்றை அங்குக் குடியிருப்பவர்களைக் கேட்காமல் யார் முடிவு செய்தாலும் அது பிழையாகவே முடியும்.

கட்டடங்களைப் பொறுத்தவரை விதிகள் ஓரளவு தெளிவாக உள்ளன. யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தவுடனேயே, உயரமான விடுதித் திட்டங்கள் சிலவற்றால் அந்த அங்கீகாரத்துக்கே ஆபத்து வந்தது. பின்னர் சில திட்டங்களின் உயரத்தைக் குறைக்க நேர்ந்தது. புதிய கட்டடங்களுக்கு 18 மீட்டர் என்னும் உயர வரம்பு நடைமுறைக்கு வந்தது. 2016ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம், கட்டடங்களை வகைப்படுத்தி, எதில் எவ்வளவு மாற்றம் செய்யலாம் என்று வரையறுத்தது. பழைய சுவரைப் பழுதுபார்க்கும் முறைக்கும் வழிகாட்டல்கள் உள்ளன. இது வெறும் அழகுக்காக அன்று. பழைய செங்கற் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தால் அந்த ஈரம் வெளியேறி உலர்ந்துவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, சில ஆண்டுகளில் செங்கல்லே உதிரத் தொடங்கும். உறுதி என்று எண்ணிப் பூசிய சிமெண்டே சுவரைக் கெடுத்துவிடுகிறது.

சுவருக்கு எந்தச் சாந்து, கூரைக்கு எந்த ஓடு, பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது என்றெல்லாம் இத்தகைய திட்டத்தால் சொல்ல முடியும். அந்த வீட்டில் யார் வாழ்வார் என்பதை அதனால் எளிதில் சொல்ல முடியாது. நாற்பது ஆண்டுகளாகப் பூ விற்றவருக்கு அடுத்த ஆண்டும் அதே கடை கிடைக்குமா என்பது, உரிமையாளருக்கும் அவருக்கும் இடையிலான வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. சமூக மதிப்பைக் காப்பதில் உள்ள மிகப் பெரிய இடைவெளி இதுவே.

இந்த இடைவெளியை நிரப்பச் சில முயற்சிகள் நடக்கின்றன. 2010ஆம் ஆண்டு முதல் இயங்கும் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நிறுவனம், கட்டடங்களோடு விழாக்கள், தொழில்கள், வழக்கங்கள் ஆகியவற்றையும் பதிவு செய்கிறது. பினாங்கில் அரசு விடுமுறையாகிய ஜூலை 7ஆம் நாளையொட்டி நடக்கும் மரபுடைமைக் கொண்டாட்டங்களில், பல சமூகத்தினரும் தங்கள் கலைகளையும் உணவையும் தாங்களே எடுத்துக்காட்டுகின்றனர். திங் சிட்டி நிறுவனம் பழைய கட்டடங்களைச் சீரமைப்பதற்கு மானியம் வழங்கியுள்ளது. ஆர்ட்ஸ்-எட் என்னும் அமைப்பு பள்ளி மாணவர்களைத் தெருக்களுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள முதியவர்களிடமும் தொழிலாளர்களிடமும் கேட்டறிந்து பதிவு செய்யப் பழக்குகிறது. ஓர் இடத்தின் சமூக மதிப்பை அறிய இதைவிட நேரான வழி இல்லை. கட்டடத்தின் வயதை ஆவணத்தில் காணலாம். மழை நாளில் எந்த ஐந்தடி நடைபாதையில் யார் ஒதுங்குவார், எந்தக் கடையில் கடனுக்கு அரிசி கிடைத்தது, திருமணத்துக்கு மாலை எங்கே சொல்லி வைப்பார்கள் என்பவற்றை ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

மரபுடைமைக்காகப் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்துவரும் பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை, முதிய கைவினைஞர்களை விருது வழங்கிச் சிறப்பிப்பதோடு, இளையோர் அவர்களிடம் தொழில் கற்கவும் ஏற்பாடு செய்திருக்கிறது. பிரம்பு பின்னுதல், பெயர்ப்பலகை செதுக்குதல், சொங்கோக் தைத்தல், ஊதுவத்தி செய்தல் போன்ற தொழில்கள் புத்தகத்தில் படித்துக் கற்கக்கூடியவை அல்ல. பிரம்பை எவ்வளவு நேரம் ஊற வைப்பது, உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதெல்லாம் முதியவரின் பக்கத்தில் அமர்ந்து, அவர் கையைப் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டியவை. அதற்கு மாதங்கள் ஆகும். சில தொழில்களுக்கு ஆண்டுகளே ஆகும். அத்தனை காலமும் பட்டறை அதே தெருவில் இருக்க வேண்டும். பட்டறை வாடகைக் கட்டடத்தில் இருந்தால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாள் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒன்றாகவே வருகிறது.